அட்டையில் இரண்டு பெயர்!

கும்பகோணத்தில் எங்களுக்குக் கண்ணாடிக் கடை. சாமி படத்துக்கு ஃப்ரேம் போடுவதும், ஜன்னலுக்கும், ஷோகேசுக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பதும் தான் தொழில். டைமண்ட் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே இழுப்பில் கோடு போட்டு, 'டக்'கென்று ஒடிப்பதில், எங்கள் தெருவில் எனக்குத் தான் பேர். ஆனாலும், கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, 'அண்ணன் இல்லீங்களா?' என்பது தான்!

முப்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு, எனக்கே அது உறைக்காமல் போயிருந்தது. உறைக்க வைத்தது, எங்கோ இருக்கிற ஒரு கண்ணாடிச் சிற்பக் கூடம்.

அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டிற்கு, 2018ல் போயிருந்தேன். நயாகரா அருவி பார்க்கக் கிளம்பினோம். வழியில், 'அத்தை... உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு...' என்று சொல்லி, கார்னிங் என்ற சின்ன ஊரில் காரை நிறுத்தினார், மாப்பிள்ளை. கண்ணாடிக்கென்றே ஒரு மியூசியமாம்.

'விடிஞ்சா போனா அந்த மூஞ்சியில தானே முழிக்கிறேன்... இங்க வந்துமா?' என்று முணுமுணுத்துக் கொண்டே தான் இறங்கினேன்.

அந்த ஊர்க் கண்ணாடி கம்பெனி, தன் நூறாவது ஆண்டை ஒட்டி, 1951ல் ஏற்படுத்திய மியூசியம் அது. எகிப்து காலத்துக் குப்பி, ரோமாபுரிக் கிண்ணம் என்று ஏராளமாக இருக்கிறது. அதையெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் பார்த்து விட்டோம். 2015ல், இந்தக் காலத்துக் கலைஞர்களின் கண்ணாடிப் படைப்புகளுக்கென்றே, புதிதாக ஒரு கூடம் கட்டித் திறந்திருக்கின்றனர். அங்கே தான் என் கால் நின்றது.

வெள்ளைவெளேர் என்ற சுவர். மூலை முடுக்கே இல்லாமல், வளைந்து வளைந்து போகிறது. கூரை வழியாக, மாவு சலித்த மாதிரி வெயில் இறங்குகிறது. பளிச்சென்ற விளக்கைக் காட்டி மினுக்குவதில்லை. கண்ணாடியை எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்று தெரிந்த யாரோ கட்டியிருக்கின்றனர் என்று, தொழில்காரியான எனக்குச் சட்டென்று புரிந்தது.

ஒரு பெண்ணின் நீள கவுன், ஆள் உயரத்துக்கு, முழுக்கக் கண்ணாடி. கேரன் லமாண்ட் என்ற பெண்மணி, 2004ல் செய்தது. துணியின் மடிப்பு, சுருக்கம், தோளில் போட்ட சால்வை எல்லாம் இருக்கிறது; உடுத்தியவள் மட்டும் இல்லை. ஆனால், உள்ளே உற்றுப் பார்த்தால், அவள் உடம்பு இருந்த தடம் தெரிகிறது. 'பாட்டி... அந்த ஆன்ட்டி எங்க போயிட்டாங்க?' என்றாள், பேத்தி. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அதையும் தாண்டி என்னைப் பிடித்து நிறுத்தியது, ஒரு சிவப்புக் கண்ணாடிப் பிரமிடு. 1993ல் செய்தது. ஊதிச் செய்ததில்லை, அச்சில் வைத்து உருக்கி வார்த்தது. இம்மாதிரி கனமான வார்ப்பை, சூளையில் நாள் கணக்கில், வாரக் கணக்கில், மெல்ல மெல்ல ஆற வைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளுக்குள்ளேயே விண்டு போகும். அதைச் சொல்ல எனக்கு யாரும் தேவையில்லை. வெந்நீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர் என்ன பாடுபடும் என்று, நம் எல்லாருக்கும் தெரியுமே!

அந்தப் பிரமிடில் ஒரே சிவப்பு தான். ஆனால், தடிமனான இடத்தில் கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட கறுப்பாக நிற்கிறது. மெல்லிசான இடத்தில், தணல் மாதிரி ஒளி விடுகிறது. எங்கள் கடையில் இதைத் தினம் பார்க்கிறேன்... ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமே இருக்காது. விளிம்பைப் பார்த்தால் பச்சையாக இருக்கும். கண்ணாடிக்குள் இருக்கிற இரும்புச் சத்து தான் காரணம். தடிமன் கூடக் கூட, நிறம் கூடும். அதையே வைத்து, ஒரே நிறத்தில் இத்தனை வெளிச்சமும், இருட்டும் காட்ட முடியும் என்று, எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

'யாரு செஞ்சதுன்னு போட்டிருக்குடி?' என்று கேட்டேன்.

'ரெண்டு பேர் பேர் போட்டிருக்கும்மா... ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி, யாரோஸ்லாவா பிரிஹ்தோவா. புருஷன், பொண்டாட்டி...' என்றாள், மகள்.

அன்றிரவு, தங்கிய இடத்தில், அவர்களைப் பற்றிப் படித்துச் சொல்லச் சொன்னேன். செக் நாட்டுக்காரர்கள். அவர், 1954ல், ஜெலெஸ்னி பிராட் என்ற ஊரின் கண்ணாடிப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தவர், நல்ல ஓவியர். அந்த அம்மாவோ, அதே ஊரில், அதே பள்ளியில் சொல்லிக் கொடுத்த சிற்பியின் மகள். அவர் வருவதற்குப் பல வருஷம் முன்பே, அச்சில் கண்ணாடி வார்த்துப் பழகியவர். அவர் வரைந்திருந்த, தலை வடிவக் கிண்ணத்தின் படம் ஒன்றைப் பார்த்து, 'இதைக் கண்ணாடியில் செய்கிறேன்' என்று ஆரம்பித்தவரே இவர் தானாம். அப்புறம், 1963ல் கல்யாணம். அவர் காகிதத்தில் வரைவார். இவர் அதைக் களிமண்ணில் உருவமாக்கி, கண்ணாடிக்குக் கொண்டு போவார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் இப்படியே. 2002ல், தன் எண்பதாவது வயதில் அவர் இறந்தார். அந்த அம்மா, 2020ல், 95 வயதில்.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன் சகோதரிகளே... 'வரைந்தவர் தானே கலைஞர், செய்தவர் வெறும் உதவி' என்று அந்தம்மாவின் பெயரைச் சுலபமாக விட்டிருக்கலாம். உலகத்தில் அப்படி விடப்பட்ட பெண்கள் கொஞ்சமா, நஞ்சமா! ஆனால், காகிதத்தில் தடிமன் ஏது? எந்த இடத்தில் எத்தனை அங்குலம் இருந்தால், சிவப்பு இருளும், எந்த இடத்தில் எரியும் என்பது, அச்சைச் செய்கிற கைக்குத் தான் தெரியும். பாதி ஓவியத்தைக் களிமண்ணில் வரைந்தவர் அவர். அந்தப் பெயரைப் போட்டது சலுகையல்ல, கணக்கு.

அதே மியூசியத்தின் முகப்பில், டேல் சிஹூலி என்பவருடைய, ஆளை விட உயரமான பச்சைக் கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. 1976ல் கார் விபத்தில் ஒரு கண் பார்வையும், 1979ல் தோளில் அடிபட்டதும், ஊதுவதை அவர் விட்டு விட்டார்; அதன்பின், அவர் சொல்லச் சொல்ல ஒரு குழுவே செய்து வந்தது. அட்டையில் அவர் பெயர் மட்டும். அவரைக் குறை சொல்லவில்லை, யோசனை அவருடையது. இருந்தாலும், உலைக்கு முன் வெந்தவர்களின் பெயரையும், ஓர் ஓரமாகப் போட்டால் என்ன குறைந்து விடும்?

எனக்கு ஏன் இத்தனை ஆற்றாமை என்பீர்கள். 2009ல், என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, எட்டு மாதம் படுக்கை. கடையை நான் ஒருத்தியே பார்த்தேன். சரக்கு எடுக்கக் கொஞ்சம் கடன் வேண்டி ஒரு வங்கிக்குப் போனால், 'கடை யார் பேர்ல இருக்கு? நீங்க அங்க என்னவா இருக்கீங்க?' என்று கேட்டனர். என்னவாக இருக்கிறேன்? உரிமத்தில் இல்லை, போர்டில் இல்லை, ரசீதிலும் இல்லை. கையில் வெட்டுத் தழும்பு ஒன்பது இருக்கிறது. அதைக் காட்டினால் கடன் தருவரா? தாலிச் செயினை வைத்துத் தான் சரக்கு எடுத்தேன்.

ஊருக்குத் திரும்பியதும், பிரமிடு கதை முழுக்க இவரிடம் சொன்னேன். 'நம்ம கடைக்கும், அதுக்கும் என்னடி சம்பந்தம்... இப்ப உனக்கு யாரு குறை வச்சா?' என்றார். நாத்தனாரோ, 'ஆம்பிளை பேர் இருந்தா தான் கடைக்கு மதிப்பு அண்ணி...' என்றாள். நான் சண்டைக்குப் போகவில்லை. பழைய ரசீதுப் புத்தகம் தீர்ந்ததும், அச்சகத்துக்கு நானே போய், இரண்டு பேர் பெயரையும் போட்டு அடித்து வந்தேன். இவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர், 'இது யாருங்க?' என்று கேட்டபோது, 'அளவு எடுக்கிறது நான், வெட்டுறது அவங்க...' என்றார்.

உரிமம் தான் பாக்கி. ரசீதில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுத வேண்டும் என்கிறார், கணக்குப் பார்க்கிறவர். வருகிற வெள்ளிக்கிழமை, முத்திரைத்தாள் வாங்கப் போகிறோம். இவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.