ஆலயக் கதவும் நகராண்மைக் கழகக் கதவும்

தைப்பூசத் திருநாள் வந்துவிட்டால் பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் கல்லுமலையிலும் பக்தர் வெள்ளம் கரைபுரண்டோடுகிறது. காவடி ஏந்தியோர் நேர்த்திக்கடனை நிறைவேற்றி மனநிறைவுடன் இல்லம் திரும்புகின்றனர். ஆனால், தண்ணீர்ப் பந்தலுக்கான அனுமதி, தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், பினாங்குச் சாலைகளில் மலைபோல் குவியும் தேங்காய்ச் சிதறல்களை அள்ளுதல் ஆகியவற்றுக்குப் பின்னால் ஊராட்சி மன்றத்தின் கை இருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இத்துணை நெருங்கிய தொடர்பிருந்தும், நம் ஆலய நிர்வாகத்தினருள் பலர் நகராண்மைக் கழகத்தின் படியை மிதிப்பது, ஆலயச் சுவரில் அறிவிப்புக் கடிதம் ஒட்டப்பட்ட பின்னர்தான். அதன் பிறகு சட்டமன்ற உறுப்பினரைத் தேடி ஓடுகிறோம். நாளிதழுக்கு அறிக்கை விடுகிறோம். வெள்ளம் வந்தபின் அணை கட்டும் வேலையன்றோ இது?

"ஊராட்சி மன்றத் தேர்தலே இல்லையே, நம் குரலை யார் கேட்பார்?" என்பாரும் உளர். 1965-இல் நிறுத்திவைக்கப்பட்ட அத்தேர்தலுக்கு 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது உண்மையே. இன்று உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆயினும் அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்ததே என்கிறது. வாக்குரிமை போயிற்று, கேட்கும் உரிமை போகவில்லை. அந்தப் பார்வையாளர் இருக்கைகளில் நம்மவர் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறோம்?

நம் ஆலயங்கள் பல, ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய முன்னோர் எழுப்பியவை. நிலமோ தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானபோது, தெய்வம் அங்கேயே இருந்தது. நிலப்பட்டா மட்டும் இல்லை. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபில்ட் ஆலய விவகாரம் எத்தகைய துயரத்தில் முடிந்தது என்பதை நாடே அறியும். 2025 மார்ச்சில் தலைநகர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து ஆலய விவகாரமோ, இடமாற்றத்திற்கான உடன்பாட்டில் முடிந்தது. முன்கூட்டியே பேசித் தீர்ப்பதன் அருமையை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. அதற்கு நில அலுவலகத்தை நாட வேண்டும். எனினும், வட்டாரத்தின் எந்தப் பகுதி வழிபாட்டுக்கு, எது வணிகத்திற்கு, எது சாலைக்கு என்பதை வகுப்பது ஊராட்சி மன்றம் தயாரிக்கும் உள்ளூர்த் திட்டமே. அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறித்த காலத்திற்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த நாள்களில் நாம் உறங்கிவிட்டால், ஆலயம் நிற்கும் இடம் வரைபடத்தில் சாலையாகிவிடக் கூடும். பின்னர் அழுது பயனென்ன?

ஆகவே, ஒவ்வோர் ஆலயமும் நிர்வாகக் குழுவில் ஒருவரை இப்பணிக்கென்றே நியமிக்கட்டும். மாத்தாய் வளமுள்ள இளைஞராக, குறிப்பாக மலாய்மொழிப் புலமை உடையவராக அவர் இருப்பது நலம். வட்டார உறுப்பினர் யாரென அறிந்து, முழுக் கூட்டங்களுக்குச் சென்று, நில ஆவணங்களையும் கடிதப் போக்குவரத்தையும் கோப்பில் பேணிக் காப்பது அவர் கடமையாகட்டும். கும்பாபிஷேகத்திற்குப் பெருந்தொகை திரட்டும் நமக்கு, ஒரு கோப்பைப் பராமரிப்பது பெரும்பாரமன்று.

உரிமை கேட்பவர் கடமையையும் மறத்தலாகாது. ஆலயக் கால்வாயில் பூமாலையை எறிவதும், அண்டை வீட்டு வாசலை மறித்து வாகனம் நிறுத்துவதும், நள்ளிரவில் ஒலிபெருக்கி முழங்குவதும் நம்மீது புகார் மனுக்களாகவே திரும்பி வரும். அண்டை அயலாரின் நல்லெண்ணத்தைவிட வலிய அரண் ஆலயத்திற்கு வேறில்லை.

கோபுரம் எழுப்புவது திருப்பணி. அக்கோபுரம் நிற்கும் மண்ணைக் காப்பதும் திருப்பணியே. வேலவன் திருவருளை வேண்டி நிற்கும் இந்நன்னாளில், அப்பணியையும் ஏற்போமாக!