கோணியைக் காக்கும் சட்டம்

ரேஷன் கடைக்கு அரிசி பெரும்பாலும் சணல் சாக்கில்தான் வந்து இறங்குகிறது. மளிகைக் கடையிலோ அது பளபளக்கும் பிளாஸ்டிக் பையில் கிடைக்கிறது. காரணம் 1987இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். அரசு குறிப்பிடும் பொருள்களைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்கிறது அது. சிறிய சில்லறைப் பைகளுக்கு விலக்கு உண்டு.

சட்டத்தின் வேர் கொல்கத்தாவை ஒட்டிய ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது 1855இல். 1947இல் பிரிவினை வந்தபோது ஆலைகள் இந்தியாவில் நின்றன. சணல் விளையும் நிலத்தில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. வங்காள விவசாயிகள் பயிரிடும் பரப்பைப் பெருக்கி ஈடுகட்டினார்கள். அடுத்த அடி செயற்கை இழைச் சாக்கு. மலிவு, எடையும் குறைவு.

சிமென்ட் நிறுவனங்கள் சட்டத்தை எதிர்த்து வழக்காடின. சட்டம் செல்லும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனாலும் சிமென்டும் உரமும் பின்னர் பட்டியலிலிருந்து நழுவின. அண்மை ஆண்டுகளின் ஆணைகளில் எஞ்சியவை உணவு தானியம் முழுவதும், சர்க்கரையில் 20 சதவீதமும்தான். ஆக, ஆலைகளின் பெரிய வாடிக்கையாளர் அரசே. சாக்கின் விலையை நிர்ணயிப்பதும் அரசே.

இதில் உள்ள ஆபத்து 2021இல் தெரிந்தது. முந்தைய ஆண்டு அம்பன் புயல் பயிரைச் சேதப்படுத்த, கச்சாச் சணல் விலை எகிறியது. செப்டம்பரில் கொல்கத்தாவிலுள்ள சணல் ஆணையர் அலுவலகம் குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அந்த விலைக்குச் சணல் கிடைக்கவில்லை என்றன ஆலைகள். கூடுதல் விலை கொடுத்து வாங்கினால் சாக்கின் விலையில் அதை ஈடுகட்ட வழியில்லை. பல ஆலைகளின் கதவுகள் மூடின. தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். 2022 மே மாதம் உச்சவரம்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

சுமார் 40 லட்சம் விவசாயக் குடும்பங்கள் சணலை நம்பியிருப்பதாக அரசு சொல்கிறது. ஆலைத் தொழிலாளர்கள் சில லட்சம் பேர். மண்ணில் மக்கும் சாக்குக்கு ஆதரவு தருவதில் தவறில்லை. ஆனால் வாங்குபவர் நிச்சயம் என்றால் புதிய பொருள் தேடும் அவசரம் ஆலைக்கு இருக்காது. டெல்லியில் ஓர் ஆணை மாறினால் ஹூக்ளிக் கரையில் அடுப்பு அணையும். சட்டம் சணலைக் காத்தது உண்மை. சொந்தக் காலில் நிற்கப் பழக்கவில்லை.