பல் வலி எனக்கு. எதிர்த்துக் கேட்கும் உரிமை கம்பெனிக்கு!



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். எழுதுவது கணக்கு வாத்தியார் என்பதால் நடுவில் கணக்கும் வரும்.

கடைவாய்ப் பல் இரண்டை எடுத்துவிட்டுப் பல் செட்டுக்கு அளவு கொடுத்து வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. "ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை இருக்கே சார், பல்லுக்கு உதவாதா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உதவாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்காக, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் சேர்ந்து படுப்பவர்களுக்கான திட்டம் அது. பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருபவனுக்கு அதில் இடமில்லை.

இன்சூரன்ஸ் துறையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் அதற்குக் கீழே எழுதினான்: "டெண்டர் விட்டுத்தானே சார் ஒப்பந்தம் கொடுக்கிறார்கள்? அதில் குறை இருந்தால் தோற்ற கம்பெனி சும்மா இருக்குமா?"

தம்பி, இரண்டு நாளாக உன் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ நல்ல மாணவன். ஆனால் இந்தக் கணக்கில் முதல் வரியிலேயே தவறிவிட்டாய்.

தோற்ற கம்பெனி எதற்காகச் சண்டை போடும்? ஒப்பந்தம் தனக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக. என் பல் பட்டியலில் இல்லை என்பதற்காக எந்தக் கம்பெனியும் கோர்ட் படி ஏறாது. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் பட்டியல் ஒன்றுதான். அவர்கள் சண்டை விலையைப் பற்றியது. நம்முடைய குறை சரக்கைப் பற்றியது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2014 திட்டத்தில் ஓய்வூதியர் ஒருவரிடம் மாதம் 150 ரூபாய் பிடித்தார்கள். 2018-ல் அது 350 ஆனது. 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான திட்டத்தில் 497. ஆண்டுக்கு 5,964 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 23,856 ரூபாய். விருப்பம் இருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் விடலாம் என்பதும் கிடையாது. ஓய்வூதியம் கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுவார்கள்.

திட்டமே வீண் என்று சொல்ல வரவில்லை. ஐந்து லட்சம் வரைக்கும், சில பெரிய நோய்களுக்குப் பத்து லட்சம் வரைக்கும் உதவி உண்டு. இதய அறுவை சிகிச்சைக்கு அதை நம்பிப் போய் நல்லபடியாக வீடு திரும்பிய சக ஆசிரியர்கள் எனக்கு உண்டு. என் கேள்வி வேறு. பணம் கட்டுபவன் நான். எனக்கு என்ன வேண்டும் என்று டெண்டர் விடுவதற்கு முன்னால் என்னிடம் யார் கேட்டார்கள்?

சரி, ஒப்பந்தம் கொடுத்த பிறகாவது எதிர்க்கலாமா? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. நல்ல சட்டம்தான். அதன் 11-வது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி செய்கிறது. உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம். யார் முறையிடலாம்? டெண்டர் போட்டவர். மாதம் 497 ரூபாய் கட்டுபவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

பொதுநல வழக்கு போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. டெண்டர் முடிவைத் தானே எடுத்ததுபோல் நீதிமன்றம் மாற்றி எழுதாது, முடிவெடுத்த முறை நேர்மையானதா என்று பார்க்கும். பள்ளிக்கூடத்துப் பாஷையில் சொன்னால், பரீட்சை ஹாலில் காப்பி நடந்ததா என்று பறக்கும் படை பார்க்கும், கேள்வித்தாள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ராணுவக் குடும்பங்களுக்குத் தனியாகப் பல் காப்பீடே இருக்கிறது. அந்த ஒப்பந்தம் 2012-ல் யுனைடெட் கன்கார்டியாவிடமிருந்து மெட்லைஃபுக்குப் போனது, 2017-ல் திரும்பவும் யுனைடெட் கன்கார்டியாவுக்கே வந்தது. இப்படிக் கை மாறும்போது கம்பெனியோடு சேர்ந்த டாக்டர்களின் பட்டியலும் மாறும். ஆனால் அந்த நாட்டிலும் ஜி.ஏ.ஓ. என்ற அமைப்பிடம் ஒப்பந்தத்தை எதிர்த்து முறையிடும் உரிமை போட்டியில் இருந்த கம்பெனிக்குத்தான். வாயைத் திறந்து நாற்காலியில் படுத்திருப்பவருக்கு இல்லை.

"பல்லையும் சேர்த்தால் சந்தா ஏறிவிடுமே சார்" என்ற வாதம் வரும் என்று தெரியும். ஏறட்டும். எவ்வளவு ஏறும் என்று எங்களிடம் சொல்லுங்கள். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்ச வரம்பு வையுங்கள். பல் எடுப்பது, வேர் சிகிச்சை, பல் செட் மூன்றை மட்டுமாவது சேருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் பல் சிகிச்சை உண்டு. முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத் திட்டத்திலும் உண்டு. அவர்களுக்கு மட்டும்தான் வயதானால் பல் விழுமா?

"அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமே" என்பார்கள். போகலாம். ஆனால் பல் செட் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. அளவு எடுக்க ஒரு நாள், கடி பார்க்க ஒரு நாள், மாட்டிப் பார்க்க ஒரு நாள், பிறகு தேய்த்துச் சரிசெய்ய இன்னொரு நாள். எழுபது வயதுக்காரர் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வெளியூர் போய் வர முடியுமா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நாற்பது வருஷம் சொல்லை வைத்தே பிழைத்தவர்கள் நாங்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எதை வைத்து நொறுக்குவது?

ஆக, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு எதிர்த்துப் பயனில்லை. என்ன சரக்கு என்பது டெண்டர் அறிவிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. கேட்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும். நான் கேட்பது நான்குதான்.

1. டெண்டர் நிபந்தனைகளின் வரைவைத் தமிழில் வெளியிட்டு, ஓய்வூதியர்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் கொடுங்கள்.

2. எவ்வளவு சந்தா வசூலானது, எவ்வளவு சிகிச்சைக்குப் போனது, எத்தனை மனுக்கள் எந்தக் காரணத்தால் தள்ளுபடியாயின என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

3. பல் சிகிச்சையைச் சேர்த்து ஒரு விலை, சேர்க்காமல் ஒரு விலை என்று இரண்டையும் கம்பெனிகளிடம் கேட்டு வாங்குங்கள்.

4. ஒப்பந்தத்தை எதிர்த்து முறையிடும் உரிமையைப் பணம் கட்டுபவருக்கும் கொடுங்கள்.

இரண்டாவது கோரிக்கைக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். என் மனு திங்கட்கிழமை தபாலில் போகிறது. ஓய்வுபெற்ற அப்பா அம்மா வீட்டில் இருந்தால் அவர்கள் பெயரிலும் ஒன்று போடச் சொல்லுங்கள். வக்கீல்களாக இருக்கும் மாணவர்கள் 11-வது பிரிவைப் படித்துவிட்டு, நான் சொன்னதில் தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம்.

கேள்வி கேட்ட தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன்னால்தான் இவ்வளவும் எழுத வந்தது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. உன் அத்தை முறுக்குச் சுட்டு வைத்திருப்பாள். நீ சாப்பிடு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்