கல்லூரியும் அயற் பாடசாலைகளும்

விழாக் காணும் நிறுவனம் தன் கடந்தகாலத்தைப் போற்றுதல் இயல்பு. நிறுவியோரின் திருவுருவப் படங்களுக்கு மாலை சூட்டுகின்றோம்; பணியாற்றிய அதிபர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி நினைவுகூர்கின்றோம்; இங்கே பயின்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் நியாயவாதியாகவும் விளங்குவோரை எண்ணி மகிழ்கின்றோம். இவை யாவும் தக்கனவே. எனினும், ஒரு கல்லூரியின் சிறப்பை அதன் மதிலுக்குள் மட்டும் நின்று அளத்தல் சாலுமோ என்னும் வினாவை இம் மலரின் வாயிலாக எழுப்ப விரும்புகின்றோம். மதிலுக்கு வெளியே, நடந்து செல்லும் தூரத்திலே, மாணவர் தொகை ஆண்டுதோறும் அருகிவரும் சிறு பாடசாலைகள் உள்ளன. அவையும் இந் நகரத்துப் பிள்ளைகளுக்கு உரியவை. அவையும் பொதுமக்கள் பணத்தால் நடப்பவை. நகரத்துப் பாடசாலைகளை ஆள்பவர் யார், அவற்றுக்குப் பணம் வரும் வழி யாது, அவை தரும் பயன் எத்தகையது என்னும் மூன்றையும் ஒருங்கு நோக்கினாலன்றி நம் கல்லூரியின் உண்மை நிலை நமக்குப் புலப்படாது.

யாழ்ப்பாண நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, ஊரவரின் கொடையே அதனைத் தாங்கிற்று. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதன் பின்னர், மனேஜர் ஒருவரின் பொறுப்பில் நடக்கும் பாடசாலைக்கு அரசாங்கம் உதவி நன்கொடை வழங்கும் முறை வலுப்பெற்றது. மிஷன் சங்கங்கள் அம் முறையால் மிகுந்த நன்மை பெற்றன. சைவரும், காலந் தாழ்த்தியேனும், அவ்வழியைக் கைக்கொண்டனர். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. அக்காலத்தில் பெருங் கல்லூரிகளின் நிருவாகத்தில் இருந்தவர்களும் சிற்றூர்ச் சைவப் பாடசாலைகளின் வளர்ச்சிக்கு உழைத்தவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்தினர். ஆதலால் கல்லூரியும் சிறு பாடசாலையும் ஒரே குடும்பத்தின் மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும் போலக் கருதப்பட்டன.

ஆயின், மனேஜர்மாரின் காலத்தைப் பொற்காலமென்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். ஆசிரியரின் நியமனமும் நீக்கமும் பெரும்பாலும் மனேஜரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தன. 1930ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் வகுப்பறையிலே சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற ஆணை பிறந்தபோது, அதனை எதிர்த்தோர் யாழ்ப்பாணத்தில் பலர். பாடசாலைகள் தீயிடப்பட்டமையும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே. ஊரவரின் ஆட்சி, ஊரிலுள்ள வலியோரின் ஆட்சியாய் முடிதல் கூடும் என்பதற்கு இது போதிய சான்று.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் முகாமைக்கும், பின்னர் உடைமைக்கும் கொண்டுவந்தன. பரியோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி போன்ற சிலவே தனித்து நின்றன. இம் மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. பிள்ளையின் சமயமோ, தந்தையின் பணப்பையோ பாடசாலையின் கதவை அடைக்கலாகாது என்பது சட்டமாயிற்று. ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. 'இது எங்கள் பாடசாலை' என்னும் உரிமையுணர்வு ஊரவரிடமிருந்து மெல்லமெல்ல விலகிற்று. பெருங் கல்லூரிகளில் அவ்வுணர்வைப் பழைய மாணவர் சங்கங்கள் காத்தன. சிறு பாடசாலைகளுக்கு அவ்வாறு காப்பார் பெரும்பாலும் இலராயினர். இன்றைய ஏற்றத்தாழ்வின் வேர் இங்கேயே உள்ளதென்பது எம் கருத்து.

நிற்க. இன்று நகரத்துப் பாடசாலைகளுக்கு எசமானர் இருவர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாகாண சபைகளின் பொறுப்பில் வைத்தது. ஆயின் தேசிய பாடசாலைகள் என வகுக்கப்பட்டவை மத்திய அமைச்சின் கீழேயே நின்றன. 2019இல் நாட்டிலிருந்த ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளுள் தேசிய பாடசாலைகள் 400க்கும் குறைந்தவை. யாழ்ப்பாணக் கல்வி வலயம் யாழ்ப்பாணம், நல்லூர், கோப்பாய் என்னும் மூன்று கோட்டங்களைக் கொண்டது. அதன் எல்லைக்குள் மாகாணப் பாடசாலையின் அதிபர் கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர் என்னும் படிகளின் வழியே தம் குறையைத் தெரிவிப்பார். அதே வீதியிலுள்ள தேசிய பாடசாலையின் அதிபரோ பத்தரமுல்லையை நோக்கியிருப்பார். கல்லூரியிலே ஒரு பாடத்துக்கு ஆசிரியர் மிகுந்தும், அயற் பாடசாலையிலே அதே பாடத்துக்கு ஒருவரும் இன்றியும் இருக்குமாயின், அதனைச் சீர்செய்யும் அதிகாரம் வலயப் பணிப்பாளரிடம் இல்லை. மாநகர சபைக்கோ இரண்டிலும் பங்கில்லை. வட மாகாண சபை 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 2018இல் காலம் முடிந்து நீங்கியபின், மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநரின் ஆட்சியே ஆண்டுக்கணக்காக நீடித்தது. ஆக, நகரத்தின் பிள்ளைகள் அனைவரையும் ஒரே பார்வையில் வைத்து, 'இவர்களுள் எவர் குறைவாகப் பெறுகின்றனர்?' என்று கேட்கும் கடமை எவருக்கும் இல்லாத கடமையாயிற்று.

இனிப் பணத்தைக் கவனிப்போம். நகரத்துப் பாடசாலைக்குப் பணப்பைகள் மூன்று. முதலாவது திறைசேரி. ஆசிரியர் சம்பளமும், 1980 முதல் இலவசப் பாடநூலும், 1993 முதல் சீருடையும் அதிலிருந்தே வந்தன. இதிலே சிறு பாடசாலைக்குப் பெரும் அநீதி இழைக்கப்படுவதாகக் கூறமுடியாது. மாணவர் தொகை குறைந்திருப்பதால், தலைக்கணக்கிற் பார்ப்பின் அங்கே செலவு கூடியதாகவும் இருக்கலாம். ஆனால் அப்பணத்தின் பெரும்பகுதி சம்பளமாகவே முடிந்துவிடுகின்றது. கூரையின் ஒழுக்கை அடைக்கவும், ஆய்வுகூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் வாங்கவும், மலசலகூடத்தைத் திருத்தவும் எஞ்சுவது சொற்பம்.

இரண்டாவது பெற்றோரின் பை. வசதிகள் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சந்தா, வகுப்பறைக்கு வர்ணம் பூசுதல், மின்விசிறி வாங்குதல் எனப் பல பெயர்களில் அது திறக்கப்படுகின்றது. அனுமதிக்காகப் பணம் பெறலாகாதென்று சுற்றறிக்கைகள் கூறுகின்றன. 'அன்பளிப்பு' என்னும் சொல் அச் சுற்றறிக்கைகளைக் கடந்து செல்வதையும் ஊரறியும். நாட்கூலி செய்யும் தாய் தந்தையரின் பிள்ளைகள் பயிலும் பாடசாலையில் இப் பை வெறுமையானது. மூன்றாவது பழைய மாணவரின் பை. கொழும்பு, இலண்டன், தொரந்தோ, சிட்னி என நம்மவர் சென்ற இடமெல்லாம் சங்கங்கள் அமைத்து அனுப்பும் பணம் அது. திறைசேரியின் செலவோடு ஒப்பிடின் இவ்விரு பைகளும் சிறியனவே. ஆயினும் திறைசேரியின் பணம் சம்பளத்தோடு நின்றுவிடுவதால், கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு முழுவதையும் இச் சிறிய பைகளே உண்டாக்குகின்றன. மாடிக் கட்டடமும், கணினி அறையும், துடுப்பாட்டப் பயிற்சியும் அவற்றாலே அமைவன. அவற்றைக் கண்டே பெற்றோர் பிள்ளைகளை இடம் மாற்றுகின்றனர். அவர்கள் மாற்றுவதால் அயற் பாடசாலை மேலும் மெலிகின்றது. நல்லெண்ணத்தோடு நாம் அனுப்பும் பணம் நாம் எண்ணாத இடத்திலே பள்ளம் தோண்டுகின்றது.

பெறுபேறு பற்றியும் ஒரு சொல். சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் விசேட சித்தி பெற்றோர் இத்தனை பேர் என்று பரிசளிப்பு விழாவிலே வாசிக்கப்படுகின்றது, சபையோர் கைதட்டுகின்றனர். அம் மாணவரின் உழைப்பையோ ஆசிரியரின் ஊக்கத்தையோ நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆயின், ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் 200 புள்ளிகளுக்கு மிக உயர்ந்த வெட்டுப்புள்ளி வைத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்த கல்லூரி, ஆறு ஆண்டுகளின் பின் அவர்களே உயர்ந்த பெறுபேறு பெற்றனர் என்று கூறுவதில், கல்லூரி சேர்த்தது எவ்வளவு, பிள்ளை கொண்டுவந்தது எவ்வளவு என்பது விளங்குவதில்லை. சிறந்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியோரைக் கணிதத்திலும் தமிழிலும் சித்தியடையச் செய்து உயர்தரத்துக்கு அனுப்பும் சிறு பாடசாலை, ஒருவேளை நம்மினும் பெரிய பணியைச் செய்கின்றது. அதற்குக் கைதட்டுவார் இலர். நாற்பதுகளிலே கன்னங்கராவின் மத்திய கல்லூரிகளுக்குக் கிராமத்து ஏழைப் பிள்ளையைத் தெரிந்தெடுக்க வகுத்த பரீட்சை, இன்று தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்த வல்லாரின் ஓட்டப்பந்தயமாய் மாறியமை வருந்தத்தக்கது. முதலாந் தரத்திலே பிள்ளைகளைச் சேர்க்கும் பாடசாலைகளிலோ, நூற்றுக்கு 25 இடங்கள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கெனச் சுற்றறிக்கைகளால் ஒதுக்கப்பட்டுவந்தன. பேறு பெற்றவனின் பிள்ளைக்கே மீண்டும் பேறு என்பது இலவசக் கல்வியின் நோக்கத்தோடு ஒத்ததோ என்று அமைதியாகச் சிந்தித்தல் வேண்டும்.

'கொடுப்பவன் தான் விரும்பிய இடத்துக்குக் கொடுக்கின்றான். இதிலே பிழை யாது?' என்று வினவுவாரும் உளர். கொடுத்தல் பிழையன்று. ஆனால் கல்லூரியின் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது சந்தையில் மீன் விற்பவளும் செலுத்தும் வரி. அவள் பிள்ளை அயற் பாடசாலையிலே பயில்கின்றது. ஆகவே அப் பிள்ளைக்கும் நாம் கடன்பட்டவர்களே. 'மெலிந்த பாடசாலைகளை மூடிவிடலாமே' என்பது வேறு சிலரின் கூற்று. நாட்டில் 50 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகள் 1,000க்கும் மேற்பட்டவை. அருகருகே உள்ள சிலவற்றை இணைப்பது நியாயமாகவும் இருக்கலாம். ஆயின் அங்கே எஞ்சியிருப்போர் யாவர்? துவிச்சக்கரவண்டி இல்லாதவரும், அழைத்துச் செல்ல ஆளில்லாதவரும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியருமே. அவர்களின் பாடசாலையை மூடுதல் அவர்களுட் பலரின் படிப்பையே மூடுதலாகும். அரசாங்கங்களும் இக் குறையை உணராமலில்லை. ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகள், அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை, ஆயிரம் தேசிய பாடசாலைகள் எனத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு ஆசிரியர் பங்கீடு மாறவில்லை.

ஆதலால், கொழும்பின் ஆணைக்குக் காத்திராமல் நாமே செய்யத்தக்கவை சிலவற்றை முன்வைக்கின்றோம். முதலாவது, இவ் விழாவின் பொருட்டுச் சேரும் நிதியிலும் இனி ஆண்டுதோறும் சேரும் நிதியிலும் பத்தில் ஒரு பங்கு, வலயத்திலுள்ள சிறு ஆரம்பப் பாடசாலைகளுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். ஒரு கோடி ரூபா சேர்ந்தால் பத்து இலட்சம் அவர்களுக்கு. அதனை எவ்வாறு செலவிடுவதென்பதை அப் பாடசாலைகளின் அதிபர்களும் பெற்றோரும் கோட்டக் கல்விப் பணிப்பாளரும் கூடித் தீர்மானிக்கட்டும். நாம் கட்டளையிடப் போகவேண்டா. இரண்டாவது, சங்கத்தின் வரவு செலவு முழுவதும் கணக்காய்வு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் கல்லூரிச் சஞ்சிகையிலே அச்சிடப்படுதல் வேண்டும். மூன்றாவது, பரிசளிப்பு விழா அறிக்கையிலே பெறுபேற்றோடு, அம் மாணவர் கல்லூரியில் நுழைந்தபோது பெற்றிருந்த புள்ளிகளும் சேர்த்துக் கூறப்படுதல் வேண்டும். நான்காவது, தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்னும் வேறுபாடின்றி நகரத்து அதிபர்களும், வலயப் பணிப்பாளரும், மாநகர சபையினரும், பெற்றோரும் ஆண்டில் இருமுறை கூடிப் பேசும் ஆலோசனை மன்றம் ஒன்றைக் கூட்டுவதற்கு நம் கல்லூரியே முன்வருதல் வேண்டும். முதல் மூன்றுக்கும் நம் மனமே போதும். நான்காவதற்கு அமைச்சுகளின் இசைவு வேண்டப்படலாம். ஆயினும் அதனைக் கேட்பதற்கு எவர் தடை?

வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துச் சைவப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த மரபிலே வந்தவர்கள் நாம். அன்று அரிசியிட்ட தாய், 'என் பிள்ளை அங்கே படிக்கின்றானா?' என்று கேட்டபின் இட்டாளல்லள். அவளின் கைப்பிடியால் வளர்ந்த மரபின் பேரால் விழா எடுக்கும் நாம், அவள் கேளாத கேள்வியைக் கேளாதிருப்போமாக. கல்லூரி வாழ்க! அதனைச் சூழ்ந்த பாடசாலைகளும் உடன் வாழ்க!