அரபு நாட்டுக்குப் போகும் பெண்கள் என்ன உடுத்துவது?

சவுதி அரேபியாவில் கோடை காலத்தில் 45 டிகிரி வெயில் சாதாரணம். ரோட்டில் கால் வைக்க முடியாது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும்.

அந்த வெயிலில், பெண்கள் கழுத்தில் இருந்து கணுக்கால் வரை மூடும் கறுப்பு அங்கி அணிந்து கடைத்தெருவுக்குப் போகிறார்கள்.

அந்த அங்கிக்கு "அபாயா" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்! அபாயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது மேலங்கியைக் குறிக்கும் அரபுச் சொல்.

எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் சரி, எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி, சவுதியில் வெளியே வந்தால் அபாயா போட்டே ஆகவேண்டும். பல ஆண்டுகள் இதுதான் நடைமுறை.

இப்போது அது மாறிவிட்டது. எப்படி மாறியது? யாருக்கு மாறியது?

விமானம் ஓட்டிய பெண்

மார்த்தா மெக்சாலி என்பவர் அமெரிக்க விமானப்படை அதிகாரியாக இருந்தவர். போர்க்களத்தில் போர் விமானம் ஓட்டிய முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

அவரைச் சவுதி அரேபியாவில் உள்ள ராணுவ முகாமுக்கு மாற்றினார்கள். அங்கே ஓர் உத்தரவு இருந்தது. முகாமை விட்டு வெளியே போகும் ராணுவப் பெண்கள் அபாயா அணிய வேண்டும். ஆண் துணையோடு போகவேண்டும். காரில் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும்!

வேடிக்கை என்னவென்றால், இந்த உத்தரவைப் போட்டது சவுதி சர்க்கார் அல்ல. அமெரிக்க ராணுவமே போட்டது. "உள்ளூர்க்காரர்கள் மனம் கோணக்கூடாது" என்ற நினைப்பு.

வானத்தில் எதிரியைத் துரத்துகிறவள் தரையில் பின் சீட்டில் உட்காருவதா? மெக்சாலி 2001-ல் தன் நாட்டு ராணுவ மந்திரி மீதே வழக்குப் போட்டார். 2002-ல் உத்தரவு தளர்ந்தது. ராணுவப் பெண்களை அபாயா அணியும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று அமெரிக்க பாராளுமன்றம் அதே ஆண்டில் சட்டமும் செய்தது.

மெக்கா பள்ளிக்கூடத் தீ

அதே 2002 மார்ச் மாதம் மெக்கா நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் தீப்பிடித்தது. 15 சிறுமிகள் மாண்டனர்.

"தலையை மூடாமல் ஓடி வந்த சிறுமிகளை மதப் போலீசார் தடுத்தார்கள்" என்று சவுதிப் பத்திரிகைகளே எழுதின. அதிகாரிகள் மறுத்தார்கள். ஆனாலும் நாடு கொதித்தது. பெண்கள் பள்ளிகளை நிர்வகிக்கும் பொறுப்பு மதத்துறையிடம் இருந்து எடுக்கப்பட்டு, கல்வி மந்திரியிடம் ஒப்படைக்கப்பட்டது.

உடை என்பது வெறும் அலங்கார விஷயம் அல்ல என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

மதப் போலீசாருக்கு இருந்த கைது செய்யும் அதிகாரம் 2016-ல் பறிக்கப்பட்டது.

இளவரசர் சொன்னது

2018 பிப்ரவரியில் சவுதியின் மூத்த மத அறிஞர் ஒருவர், "உலகத்தில் உள்ள பக்தியுள்ள முஸ்லிம் பெண்களில் பெரும்பாலோர் அபாயா அணிவது இல்லை. ஆகவே கட்டாயப்படுத்தக்கூடாது" என்ற கருத்தை வெளியிட்டார்.

மறு மாதமே பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் அமெரிக்க டெலிவிஷனுக்குப் பேட்டி கொடுத்தார். கண்ணியமான உடை வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது கறுப்பு அங்கியாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை என்றார் அவர்.

2019 செப்டம்பரில் 49 நாட்டு மக்களுக்குச் சுற்றுலா விசா திறந்துவிடப்பட்டது. அப்போது வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயம் இல்லை என்றும் அறிவித்தார்கள். தோளும் முழங்காலும் மறைய வேண்டும். இறுக்கமான உடை கூடாது. ஆபாசமான எழுத்தோ படமோ உள்ள சட்டை கூடாது. மீறினால் அபராதம்! இந்த விதி ஆண்களுக்கும் உண்டு.

இத்தனை தாராளமும் எதற்காக? எண்ணெய் வருமானத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது, சுற்றுலா வருமானம் வேண்டும் என்பதுதான் முக்கியக் காரணம்.

பெரிய இடத்துப் பெண்களுக்கு அதற்கு முன்பே சலுகை இருந்தது. 2015-ல் மன்னர் அப்துல்லா இறந்த துக்கத்துக்குப் போன ஒபாமாவின் மனைவி மிச்செல், தலையை மூடவில்லை. 2017-ல் டிரம்பின் மனைவி மெலானியாவும் மூடவில்லை.

பட்டத்தை விட்ட வீராங்கனை

2017 டிசம்பரில் ரியாத் நகரில் உலக அதிவேக செஸ் போட்டி நடந்தது. நம் சென்னை விசுவநாதன் ஆனந்த் அங்கேதான் ஒரு பட்டத்தை வென்றார்.

உக்ரைன் நாட்டு அன்னா முசிசுக் இரண்டு உலகப் பட்டங்களை வைத்திருந்தவர். போட்டி நடக்கும் இடத்தில் அபாயா வேண்டாம், கோட்டும் கால்சட்டையும் போதும் என்று சலுகை கொடுத்தார்கள். "வெளியே போனால்? துணை இல்லாமல் நடக்க முடியுமா?" என்று அவர் கேட்டார். போகவில்லை. இரண்டு பட்டங்களும் போயின.

இரண்டு ஆண்டு கழித்து நடந்திருந்தால், ஒருவேளை அவர் போயிருக்கலாம்.

கறுப்பு சுடாதா?

வெயிலில் கறுப்புத் துணி சுடும் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். பாலைவனத்து நாடோடி மக்கள் ஏன் கறுப்பு உடுத்துகிறார்கள்?

விஞ்ஞானிகள் சிலர் இதைச் சோதித்தார்கள். நெகேவ் பாலைவனத்தில் உச்சி வெயிலில் ஓர் ஆளை நிறுத்தி, கறுப்பு அங்கியும் வெள்ளை அங்கியும் மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்தார்கள். முடிவு 1980-ல் வெளிவந்தது. உடம்புக்குப் போய்ச் சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான்!

கறுப்புத் துணி அதிகம் சூடாகிறது, உண்மை. ஆனால் அங்கி தொளதொள என்று இருப்பதால், உள்ளே காற்று ஓடி அந்தச் சூட்டை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே நிறம் முக்கியம் அல்ல, தொளதொளப்புதான் முக்கியம். உடம்பை ஒட்டிய நைலான் உடை எந்த நிறமானாலும் தொல்லைதான்.

பெட்டியில் என்ன வைப்பது?

நம் பெண்களுக்குப் பருத்திச் சுடிதார் நல்லது. மேல்சட்டை முழங்காலுக்குக் கீழே இறங்கட்டும். கை நீளமாக இருக்கட்டும். துப்பட்டாவை மறக்கக்கூடாது. பள்ளிவாசலைப் பார்க்கப் போனால் தலைக்கு ஆகும். குளிர்சாதனக் கடைகளில் நடுங்கும்போது போர்த்திக்கொள்ளலாம்.

சேலை? உடுத்தலாம். இடுப்பு தெரியாதபடி ரவிக்கையை நீளமாகத் தைத்துக்கொள்வது நல்லது. 2024 ஜனவரியில் மத்திய மந்திரியாக இருந்த ஸ்மிருதி இரானி, மதீனாவில் நபிகள் பள்ளிவாசலின் வெளிப்புறம் வரை தலையை மூடாமலே போய்வந்தார். அது பெரிய விவாதம் ஆயிற்று. மந்திரிக்கு வரவேற்பு கொடுக்க ஆள் உண்டு. மற்றவர்கள் துப்பட்டாவைக் கையில் வைத்திருப்பதே உத்தமம்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் ஸ்வெட்டரும் வைக்கவேண்டும். ரியாத்தில் இரவுக் குளிர் பல்லைக் கிட்டச் செய்யும்.

ஹஜ் யாத்திரை போகும் பெண்களின் கதை வேறு. ஆண்களுக்குத் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகள். பெண்களுக்குத் தனி உடை கிடையாது. வழக்கமான உடையே போதும். யாத்திரைக் கட்டுப்பாட்டில் இருக்கும்போது அவர்கள் முகத்திரையும் கையுறையும் போடக்கூடாது. 2024 ஜூனில் மெக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. யாத்ரீகர்கள் 1,300 பேர் இறந்தார்கள். குடையும் தண்ணீரும் இல்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்?

இந்தச் சுதந்திரம் எல்லாம் ஓட்டலில் தங்கி நாலு நாளில் திரும்பும் பெண்ணுக்கு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எஜமானி சொல்வதுதான் சட்டம். அவள் என்ன உடுத்தவேண்டும், துணி யார் வாங்கிக் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சவுதிப் பெண்கள்? நகரங்களில் வண்ண அபாயாக்கள் வந்துவிட்டன. சிலர் அபாயா இல்லாமலும் நடக்கிறார்கள். ஆனால் 2022-ல் உடற்பயிற்சி ஆசிரியை ஒருத்தி கைதானாள். "ஒழுக்கமற்ற உடையில்" படம் வெளியிட்டதும், பெண்களுக்கு உரிமை கேட்டு எழுதியதும் அவள் மீது சுமத்திய குற்றங்கள் என்று ஆம்னஸ்டி அமைப்பு கூறியது. பயங்கரவாதக் குற்றத்துக்காகத்தான் தண்டித்தோம் என்றது சவுதி சர்க்கார்.

2024 ஜனவரியில் கோர்ட்டு அவளுக்கு விதித்த தண்டனை: 11 ஆண்டு சிறை.