யுவராஜைக் காப்பாற்றியது எது?

பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினம் வந்தால் மேடைக்கு மேடை ஒரே பேச்சு: "புற்றுநோயை வெல்வது பாதி மருந்து, பாதி மனதைரியம்." இந்த ஆண்டு எங்கள் ஊர்க் கல்லூரிக்கு வந்த சிறப்பு விருந்தினருக்குப் பாதியும் போதவில்லை. மருந்து 10 சதவீதம்தான், மீதி 90 மனசு என்றார். அரங்கமே கைதட்டியது. தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்த சில பெண்களும் தட்டினார்கள். பல வருடமாகக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த ஆத்திரம் எனக்கு. இதற்குப் பதில் சொல்லாமல் இனி இருக்க முடியாது.

அவர் கொண்டுவந்த முதல் சாட்சி, எல்லோரும் கொண்டுவரும் சாட்சிதான்: யுவராஜ் சிங். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன்; நோயிலிருந்து மீண்டு 2012 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்திலேயே மறுபடி களமிறங்கியவர். அவருடைய தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வந்தது எந்தப் புற்றுநோய் என்று ஒரு மேடையிலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே வளர்ந்த ஜெர்ம் செல் கட்டி அது. கீமோவுக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் வகை. அவர் சிகிச்சைக்குப் போன அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இருந்தவர் புற்றுநோய் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். இந்த வகைக் கட்டி விரையில் தோன்றி உடம்பெங்கும் பரவிய இளைஞர்களுக்கு, 1974இல் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவர் அவர்தான். அதற்கு முன்பு அப்படிப் பரவிய நோயோடு வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். பின்பு பெரும்பாலோர் பிழைத்தார்கள். பெரும்பாலும் இருபது முப்பது வயதுப் பையன்கள். 1973இல் செத்தவனுக்கு மனசு இல்லையா? 1975இல் பிழைத்தவனுக்கு அது எங்கிருந்து வந்தது? இரண்டு வருடத்தில் மாறியது மருந்து. யுவராஜின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குபவர், அதே மூச்சில் சிஸ்பிளாட்டின் என்ற பெயரையும் சொல்லலாமே. சொன்னால் அந்த 90 சதவீதம் நிற்காது.

பிள்ளைகளைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை 1950களில் பிழைப்பது அபூர்வம். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வகைக்கு இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். ஊசியைக் கண்டாலே அலறும் மூன்று வயதுக் குழந்தையிடம் எந்தப் போராட்ட குணத்தை எதிர்பார்ப்பது? அது அழுதுகொண்டே பிழைக்கிறது.

"ஆராய்ச்சியே நிரூபித்திருக்கிறது" என்றும் அந்த விருந்தினர் சொன்னார். எந்த ஆராய்ச்சி என்று சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1989இல் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உயிரோடிருந்ததாக அதில் வந்தது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்து பார்த்தார்கள். ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே மறுபடி செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் நீளவில்லை. அதே 2007இல் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் கோய்னும், மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை என்றே கண்டார். கனடா ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பேச ஆள் இருந்த பெண்களுக்கு மனவேதனை குறைந்தது, வலியும் குறைந்தது. துணைக்கு இருப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

யோகாவும் அப்படித்தான்: சோர்வைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. 

இந்த மனதைரியப் பேச்சு வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்பதைப் புற்றுநோய் வந்த என் சித்தியிடம் பார்த்தேன். மூன்றாவது கீமோ முடிந்த அடுத்த வாரம் ராத்திரி அவளுக்குக் குளிர்ஜுரம். கீமோ போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் தரைதட்டும். அப்போது ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சித்தி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். காலையில் தங்கச்சி தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருன்னு சொல்றீங்க. இதுக்குப்போய் பயந்துட்டேன்னு நெனைக்க மாட்டீங்களா?" என்றாள். நல்லவேளையாகத் தப்பித்தாள். பிறகு நோய் எலும்புக்குப் பரவியபோது பார்க்க வந்த உறவினர் ஒருவர், "நீ மனசை விட்டுட்ட, அதான்" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். மனசு ஜெயிக்கும் என்று மேடையில் சொல்பவர்கள், தோற்றவளிடம் மனசு இல்லை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

நோயாளிக்குத் தேவை வேறு: வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும், ராத்திரி எழுப்பினால் எரிந்து விழாத ஓர் ஆள் வேண்டும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அந்தப் படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வர ஒருவர் போக வேண்டும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வரிசையில் நிற்க இன்னொருவர். சித்தி எங்களிடம் கேட்டதெல்லாம், வாய்ப்புண் ஆறும்வரை காரமில்லாத கஞ்சியும், அவள் அழுதால் யாரும் அதட்டாமல் இருப்பதும்தான். தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோக்களை அனுப்ப வேண்டாம் என்று எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.