‘குழப்படி’ என்று எழுதித் தள்ளிவிடாதீர்கள்

“குழப்படிகாரன்”, “சொல்வழி கேளாதவள்”, “எந்த நேரமும் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது”. எங்கள் வீடுகளில் சில பிள்ளைகளுக்கு இப்படிப் பட்டங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் அதை மடித்து வைத்துவிட்டு, இரண்டு அடி போட்டால் சரிவரும் என்று நினைப்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

அடியால் சரிவராத ஒரு விடயத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் என்று தமிழில் சொல்லலாம். இங்கே யேர்மனியில் வைத்தியர்கள் ஆ-டே-ஹா-எஸ் என்பார்கள். 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது இருக்கிறது. இது ரிவியாலும் கைத்தொலைபேசியாலும் வந்த புது நோய் அல்ல. பிராங்போர்ட் வைத்தியர் ஹைன்றிச் ஹொவ்மான் 1840களில் வெளியிட்ட சிறுவர் படப்புத்தகத்தில், கதிரையில் ஆடி ஆடி மேசைவிரிப்போடு விழுகின்ற பிலிப் என்ற பையன் வருகிறான். அப்படியான பிள்ளைகள் அன்றும் இருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி குறைவில்லை. எதை முதலில் செய்வது, எவ்வளவு நேரம் இருக்கிறது, சொன்னதை மனதில் வைத்திருப்பது, ஆசையை அடக்குவது எல்லாவற்றையும் கவனிக்கின்ற ஒரு மேற்பார்வையாளர் மூளையின் முன்பக்கத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களிடத்தில் அவர் வேலைக்குப் பிந்தி வருகிறார். 2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், இப்பிள்ளைகளின் மூளை மேற்பட்டை சராசரியாக 3 வருடங்கள் பிந்தி முதிர்வது தெரியவந்தது. ஆகவே 10 வயதுப் பிள்ளையிடம் 7 வயதுக்குரிய ஒழுங்கைத்தான் சில விடயங்களில் எதிர்பார்க்கலாம்.

தொழிற்சாலையில் வேலை செய்கின்ற எங்களுக்கு இது விளங்காத கதை அல்ல. மெசினுக்குப் பக்கத்தில் வேலைமுறையைப் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் சுவரில் இடம் உண்டு. வேலைநேரம் மாறும்போது கொப்பியில் எழுதிவைத்துவிட்டுப் போகிறோம். இதற்காக எங்களை யாரும் மூளையில்லாதவர்கள் என்பதில்லை. அதே ஒழுங்கை வீட்டிலும் செய்து கொடுப்போம்.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. “சப்பாத்தைப் போடு, பையை எடு, சாப்பாட்டுப் பெட்டியை மறக்காதே, லைற்றை நிற்பாட்டு” என்று குசினியிலிருந்து கத்தினால் பிள்ளையிடம் கடைசிச் சொல்தான் நிற்கும். பக்கத்தில் போய், முகம் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள். முடிந்த பிறகு அடுத்தது.

இரண்டாவது, காலை வேலைகளை ஐந்து படங்களாகக் கீறிக் கதவில் ஒட்டுங்கள். புத்தகப்பையை இரவே அடுக்கி வாசலில் வையுங்கள்.

மூன்றாவது, நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுங்கள். முட்டை அவிக்கப் பாவிக்கும் சின்ன மணிக்கூட்டை 15 நிமிடத்துக்குத் திருப்பி வைத்து வீட்டுப்பாடம், பிறகு 5 நிமிடம் ஓடி விளையாட்டு.

நான்காவது, “வருட முடிவில் சைக்கிள்” என்ற வாக்கு இவர்களுக்கு எட்டாத தூரம். செய்தவுடன் ஒரு நல்ல சொல், அன்றைக்கே ஒரு சின்னப் பரிசு.

ஐந்தாவது, அப்பா காலை வேலை, அம்மா பின்னேர வேலை என்றால் பிள்ளைக்கென ஒரு கொப்பி வையுங்கள். ஒருவர் வைத்த சட்டத்தை மற்றவர் மாற்றக்கூடாது.

ஆனால் துடியாட்டம் எல்லாம் ஆ-டே-ஹா-எஸ் அல்ல. நித்திரைக் குறைவு, காது கேளாமை, டொச் விளங்காமை, யுத்தத்திலும் பயணத்திலும் பட்ட பயம் ஆகியவையும் அப்படியே தோன்றும். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பாடசாலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், 6 மாதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் வைத்தியர்கள் அப்படி முடிவெடுப்பார்கள். பெண்பிள்ளைகள் பலர் துடிப்பதில்லை, பேசாமல் கனவு கண்டுகொண்டிருப்பார்கள். அதனால் அவர்களைத் தவறவிடுவது அதிகம். கிண்டர்ஆர்ஸ்ட் என்ற பிள்ளை வைத்தியரிடம் முதலில் போங்கள். உங்களுக்கு டொச் போதாவிட்டால் வளர்ந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். தன்னைப் பற்றிய குறையைப் பிள்ளையே மொழிபெயர்க்க விடாதீர்கள். மெதில்பெனிடேற் என்ற மருந்து 1950களிலிருந்து பாவனையில் உள்ளது. அது “விசர் மருந்து” அல்ல. எல்லாருக்கும் அது தேவையுமில்லை. கொடுப்பதையும் நிறுத்துவதையும் கோவில் வாசலில் கேட்ட கதையை வைத்துத் தீர்மானிக்காமல், வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள்.

அவசரம் ஏன் என்றால், இந்த நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் 4ஆம் வகுப்பு முடியவே பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது என்ற பேச்சு வந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளை, கொப்பியை மறந்த காரணத்தால் கீழே போய்விடலாம். முன்வாங்கில் இடம், சோதனைக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டா என்று வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். அடியைப் பொறுத்தவரை, வன்முறையில்லாமல் வளர்கின்ற உரிமை பிள்ளைக்கு உண்டு என்று 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே சட்டமே சொல்கிறது.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்பும் அல்ல, கண்ணூறும் அல்ல. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஒளித்து வைக்காமல் எங்களோடு கதையுங்கள். கதவில் ஒட்டுகின்ற படத்தை இந்தக் கிழமையே கீறத் தொடங்குங்கள், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.